இரும்பு ஷெட்டின் ஒரு மூலையில் குடியிருக்க 6 × 5 மீட்டர் அறை: ஷீட்டிலேயே போர்டு அடிக்கலாமா?
(கேள்வியும் பதில்களும். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்; கேட்பவர் செவ்வகம்.)

செவ்வகம்
ஷெட் 15 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், ஓர உயரம் 4.2 மீட்டர். 5 மீட்டருக்கு ஒரு போர்ட்டல் ஃபிரேம் (தூண்களும் கூரை உத்தரமும் ஒன்றாக இணைந்த எஃகுச் சட்டகம்). சுவர், கூரை இரண்டும் 0.5 மிமீ கலர் ஷீட். உள்பக்கம் எந்தப் பூச்சும் தடுப்பும் கிடையாது. தரை 125 மிமீ கான்கிரீட். அதற்கு அடியில் பாலித்தீன் விரித்தார்களா என்று வரைபடத்தில் குறிப்பு இல்லை.

ஒரு மூலையில் நீளவாக்கில் 5, முகப்புப் பக்கம் 6 மீட்டர் எடுத்து, படுக்கையோடு கூடிய கூடம், சின்னச் சமையல் மேடை, கழிப்பறையுடன் குளியலறை என்று பிரிக்க வேண்டும். மீதி இடம் பட்டறையாகவே இருக்கும்: வெல்டிங், கிரைண்டிங், ஒரு வண்டி நிறுத்துவது. ஷீட்டைத் தாங்கும் கிடைச் சட்டங்களுக்கு இடையில் ராக்வூலை (கல்லிழைப் பஞ்சு) திணித்து, அந்தச் சட்டங்களிலேயே ஜிப்சம் போர்டை அடித்துவிட்டால் போதுமா? இடமும் மிச்சம், வேலையும் குறைவு என்று தோன்றுகிறது.

பர்லின்
போதாது. முதல் மழைக்காலம் தாண்டுவதற்குள் ராக்வூல் நனைந்து தொங்கும்.

ஷெட்டை ஒரு பெரிய குடையாக மட்டும் நினையுங்கள். அதன் வேலை மழையைத் தடுப்பது. அதற்குள்ளே, அதைத் தொடாமல், தன் காலிலேயே நிற்கும் ஒரு பெட்டியாக அறையைக் கட்டுங்கள். காரணங்கள்:

எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மிமீ விரியும். வெயிலுக்கும் இரவுக்கும் ஷீட்டில் 40 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 6 மீட்டர் ஷீட்டில் அது கிட்டத்தட்ட 3 மிமீ அசைவு, தினமும். காற்றடித்தால் சட்டங்கள் வளைந்து திரும்புவது தனிக் கணக்கு. அதில் நேராக அடித்த ஜிப்சம் போர்டின் ஒவ்வொரு மூட்டும் விரிசல் விடும். எத்தனை முறை டேப் ஒட்டிப் பூசினாலும் திரும்ப வரும்.

இரண்டாவது எடை. கூரைப் பர்லின்கள் (கூரை ஷீட்டைத் தாங்கும் சட்டங்கள்) ஷீட்டின் எடைக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டவை. 12.5 மிமீ ஜிப்சம் போர்டு சதுர மீட்டருக்கு 9 கிலோவுக்கு அருகில் வரும். சட்டமும் ராக்வூலும் சேர்ந்தால் 15 கிலோ. ஷெட்டை வடிவமைத்தவரின் கணக்கைப் பார்க்காமல் பர்லினில் எதையும் தொங்கவிட வேண்டாம்.

மூன்றாவது, ஷீட் ஒரு நாள் ஒழுகும். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். பெட்டி தனியாக இருந்தால் ஒழுகும் இடம் கண்ணில் படும், ஷீட்டையும் கழற்றி மாற்றலாம். போர்டுக்குப் பின்னால் மறைந்திருந்தால் கறை வந்த பிறகுதான் தெரியும்.

கிடைச் சட்டத்தின் உள்முகத்திலிருந்து 50 மிமீ இடைவெளி விட்டு ஸ்டட் (போர்டைத் தாங்கும் செங்குத்துச் சட்டம்) சுவரை நிறுத்துங்கள். தூண்கள் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். தூணைச் சுற்றிப் போர்டு அடித்து உள்ளே இழுத்துக்கொண்டால் வெளியிலிருக்கும் சூடும் குளிரும் அந்த எஃகு வழியாகவே அறைக்குள் வரும்.

ஈரமானி
பர்லின் சொன்னதில் ஈரத்தின் கணக்கைச் சேர்க்கிறேன், பல ஷெட் வீடுகள் கெடுவது இதில்தான்.

உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை 12 டிகிரி. அதாவது 12-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோர்க்கும். தெளிந்த இரவில் கூரை ஷீட் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினாலே மூச்சிலும் வேர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் நீர் காற்றில் சேரும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் அதிலிருந்து மட்டும் சுமார் 1.6 கிலோ நீராவி பிறக்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் அது போய் ஒதுங்கும் முதல் இடம் அந்த ஷீட்டின் உள்முகம். ராக்வூல் காற்றைத் தடுப்பதில்லை. நீராவி அதனூடே தாராளமாகப் போகும். ஆகவே ஷீட்டை ஒட்டித் திணித்த ராக்வூல் ஈரத்தைச் சேர்த்து வைக்கும் இடமாகிவிடும்.

திருப்புளி
ஷீட்டின் உள்முகத்தில் 50 மிமீ மூடிய செல் ஃபோம் (நுண்ணறைகள் மூடிய, தெளித்து அடிக்கும் நுரை) அடித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே? சூடான காற்று எஃகைத் தொடவே தொடாது.

ஈரமானி
நீர் கோர்ப்பதை அது நிறுத்தும், மறுக்கவில்லை. வெப்பக் கடத்தலிலும் நல்ல பொருள்: மூடிய செல் ஃபோம் 0.025 அளவில் நிற்கும், ராக்வூல் 0.035 முதல் 0.040 (எண் குறைந்தால் வெப்பம் குறைவாகக் கடக்கும்). ஆனாலும் நேராக ஷீட்டில் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷீட்டை மாற்ற வேண்டி வந்தால் ஃபோமோடு பிய்த்தெடுக்க வேண்டும். ஸ்க்ரூ ஓட்டை வழியாக வந்த நீர் ஃபோமுக்கும் ஷீட்டுக்கும் நடுவே தங்கித் துருவைப் பின்னாலிருந்து வளர்க்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த ஷீட்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைத் துடைக்காமல் அடித்தால் ஒரு வருடத்தில் பாளம் பாளமாகக் கழன்று வரும். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் ஃபோம் உள்ளேயே சூடேறிக் கருகும், சுருங்கும்போது மெல்லிய ஷீட்டை உள்ளிழுத்து அலைபோல் நெளிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், கிரைண்டர் பொறி பறக்கும் பட்டறையில் ஃபோம் வெளியே தெரியவே கூடாது. 12.5 மிமீ ஜிப்சமாவது மேலே மூட வேண்டும். இவர் கேட்டிருக்கும் இடத்துக்கு ராக்வூல்தான் சரி, அது எரியாது.

செவ்வகம்
தனிப் பெட்டி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் நீராவியைத் தடுக்க பாலித்தீன் எந்தப் பக்கம் போட வேண்டும்? உள்பக்கம் என்கிறார்கள், வெளிப்பக்கம் என்கிறார்கள்.

ஈரமானி
இரண்டு பேரும் தங்கள் ஊர் வானிலைக்குச் சரியாகவே சொல்கிறார்கள். வருடத்தில் பெரும்பகுதி அறையைச் சூடாக்கும் இடமென்றால் உள்பக்கம், ஜிப்சம் போர்டுக்குப் பின்னால். வருடத்தில் பெரும்பகுதி ஏசி ஓடும் ஈரப்பதமான இடமென்றால் உள்பக்கப் பாலித்தீன் தீங்கு செய்யும். வெளியே 30 டிகிரி, 75 சதவீத ஈரம் என்றால் பனிநிலை 25 டிகிரி. அறை 23 டிகிரியில் இருந்தால் போர்டுக்குப் பின்னாலிருக்கும் பாலித்தீனின் வெளிமுகத்தில் நீர் கோர்த்து, சட்டமும் ராக்வூலும் நனைந்து பூஞ்சை பிடிக்கும். அங்கே தடுப்பு ராக்வூலுக்கு வெளிப்பக்கம்தான் வர வேண்டும்.

இரண்டும் கலந்த வானிலை என்றால் பாலித்தீனே வேண்டாம். பெயின்ட் அடித்த போர்டு போதும். மூட்டு, சுவிட்ச் பெட்டி, குழாய் நுழையும் துளை எல்லாவற்றையும் காற்றுப் புகாமல் அடையுங்கள். போர்டினூடே ஊடுருவும் நீராவியைவிட இடுக்கு வழியாகக் காற்றோடு போகும் நீராவி பல மடங்கு அதிகம்.

கூரை ஷீட்டுக்கு அடியில் குமிழி வைத்த வெள்ளித்தாள் விற்பார்கள். அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே 25 மிமீ வெற்றிடமாவது இருந்தால்தான் அது வெப்பக் கதிரைத் திருப்பும். ஷீட்டோடு ஒட்டிவிட்டால் அந்தப் பயன் போய்விடும்.

நீர்மட்டம்
சுவருக்குப் போகும் முன் தரையைப் பாருங்கள். 45 × 45 செமீ பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் துளி நின்றாலோ கான்கிரீட் நிறம் கறுத்தாலோ தரை ஈரம் ஏறுகிறது. மூன்று நாலு இடங்களில், மழைக்காலத்திலும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் நிலையில் எப்படியும் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்துவிடுவது நல்லது. ஓரம் 150 மிமீ ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், டேப் ஒட்ட வேண்டும், சுவரோரம் மேலே மடிந்து நிற்க வேண்டும். அதன்மேல் 50 மிமீ எக்ஸ்பிஎஸ் (அடர்ந்த பாலிஸ்டைரீன் நுரை) பலகை, அதன்மேல் 18 மிமீ ப்ளைவுட் அல்லது சிமென்ட் போர்டு. எண்ணெய் ஊறிய பட்டறைத் தரையில் எபாக்சி பூசி ஈரத்தடுப்பு செய்யாதீர்கள், பிடிக்காது. மேல்தோலைக் கிரைண்டரால் எடுத்த பிறகே பூசலாம்.

ஷெட் தரை பெரும்பாலும் வாசலை நோக்கிச் சரிவாக இருக்கும். நூற்றுக்கு ஒன்று என்றாலும் 5 மீட்டரில் 50 மிமீ. இதைச் சுவர் நிறுத்திய பிறகு கண்டுபிடித்தால் கதவும் அலமாரியும் கோணலாகும். முதல் நாளே லேசர் மட்டம் வைத்துப் பார்த்து, தேவையானால் மட்டப்பூச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

சுவரின் கீழ்த்தடத்தை (ஸ்டட்டின் கால் நிற்கும் பட்டை) நேராகத் தரையில் வைக்காமல், 100 மிமீ உயரத்துக்குக் கான்கிரீட் திண்டு வார்த்து அதன்மேல் வையுங்கள். பட்டறையைக் கழுவும் நீர், ஷீட்டுக்கு அடியில் புகும் மழைநீர், சிந்திய எண்ணெய் எதுவும் சுவரைத் தொடாது. நல்ல ஷெட்டில் கான்கிரீட் விளிம்பு ஓரத்தில் 40, 50 மிமீ தாழ்ந்திருக்கும், ஷீட் அதற்குக் கீழே இறங்கி நிற்கும். உங்களுடையதில் அந்தப் படி இல்லையென்றால் திண்டு கட்டாயம்.

பர்லின்
திண்டோடு சேர்த்து இன்னொன்று: ஷீட்டின் அலைமடிப்பு கீழே திறந்திருக்கும். எலிக்கு அதுதான் வாசல். 6 மிமீ கண் உள்ள கால்வனைஸ் வலையை அடியில் மடித்து ஸ்க்ரூ அடியுங்கள். ஃபோம் அடைப்பான் மட்டும் வைத்தால் கடித்துவிடும்.

செவ்வகம்
சட்டத்துக்கு மரமா, ஜிஐ (துத்தநாகம் பூசிய எஃகு) ஸ்டட்டா? எவ்வளவு பொருள் பிடிக்கும்?

திருப்புளி
கரையான் உள்ள இடத்தில் ஜிஐ. ஆனால் எஃகு ஸ்டட் ஒவ்வொன்றும் வெப்பத்தைக் கடத்தும். இடையில் வைத்த ராக்வூலின் பயன் பாதிக்கு அருகில் குறைந்துவிடும். அதனால் வெளிச்சுவர் இரண்டிலும் ஸ்டட்டுக்கு வெளியே 25 மிமீ பலகைத் தடுப்பை இடைவெளி இல்லாமல் ஓட்டுங்கள். மரம் என்றால் இந்தக் கவலை குறைவு. அதற்குப் பதில், தாமிர உப்பு ஏற்றிய பதன மரத்தைச் சாதாரணக் கால்வனைஸ் ஸ்க்ரூவோ சட்டமோ தொட்டால் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட வேண்டும், நடுவே பிளாஸ்டிக் பட்டை வைக்க வேண்டும்.

ஜிஐ என்று வைத்துச் சொல்கிறேன். உயரம் 2.4 மீட்டர். 6 மீட்டரை 3.6, 2.4 என்று ஒரு குறுக்குச் சுவரால் பிரியுங்கள். அந்தச் சுவர் உத்தரங்களுக்கும் நடுத்தாங்கல் ஆகும். 2.4 × 5 துண்டில் குளியலறை 2 மீட்டர், சமையல் 3 மீட்டர்.

ஸ்டட் 75 மிமீ ஆழம், 0.9 மிமீ தடிமன், 600 மிமீ இடைவெளி: மூலை, கதவு, சன்னல் இரட்டிப்பும் சேர்த்து 70. தடம் சுமார் 65 மீட்டர், அதாவது 3 மீட்டர் நீளத்தில் 22. மேலே உத்தரம் 100 × 50 × 1.6 மிமீ சி செக்‌ஷன், 600 மிமீக்கு ஒன்று. 3.6 மீட்டர் நீட்டத்துக்கு இது கூரைப் போர்டு எடையையும், ஒருவர் ஏறி வேலை செய்வதையும் தாங்கும். மேலே சரக்கு அடுக்க இது போதாது. அடுக்குவதானால் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்குக் குறையாமல் கணக்கிட்டுத் தனியாக வடிவமைக்கச் சொல்லுங்கள். "காலியாகத்தானே இருக்கிறது" என்று ஏற்றிவிடும் இடம் அது.

உள்முகம் 12.5 மிமீ ஜிப்சம் 1.2 × 2.4 மீட்டர் அளவில், சேதாரம் சேர்த்து 35. குளியலறைச் சுவருக்குச் சிமென்ட் போர்டு 8. ராக்வூல் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 75 மிமீ, சுமார் 100 சதுர மீட்டர். அதில் உள் சுவருக்கும் ஒலிக்காக வைப்பது அடக்கம். வெயில் கொளுத்தும் இடமென்றால் கூரைக்கு இன்னோர் அடுக்கு, 30 சதுர மீட்டர்.

பட்டறையைப் பார்க்கும் இரண்டு சுவர்களின் வெளிமுகம் மொத்தம் 11 மீட்டர். அங்கே தீத்தடுப்பு ஜிப்சம் இரண்டு அடுக்கு, மூட்டு ஒன்றன்மேல் ஒன்று வராமல். 20 போர்டு ஆகும். அந்தச் சுவர்களின் உள்முகத்துக்கும் தீத்தடுப்பு வகையே வாங்குங்கள்.

பர்லின்
திருப்புளி கணக்கில் பெட்டியின் தலை விட்டுப்போயிருக்கிறது. பட்டறையில் தீ பிடித்தால் சூடும் புகையும் முதலில் கூரைக்கு ஏறி, அங்கிருந்து பெட்டியின் மேற்பரப்பில் இறங்கும். சுவருக்கு இரண்டு அடுக்கு போட்டுவிட்டுத் தலையை ராக்வூலோடு திறந்து விடுவதில் பொருளில்லை. உத்தரத்தின் மேல் தீத்தடுப்பு போர்டு ஓர் அடுக்கு, இன்னும் 12.

திருப்புளி
சரி, அதைச் சேர்க்க வேண்டும். மழைச் சத்தத்துக்கும் அது உதவும். ஆனால் சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க, அந்த மூலைக்கு மேலேயுள்ள கூரை ஷீட்டின் அடியில் ஏதாவது ஒட்ட வேண்டாமா?

பர்லின்
ஷீட்டைக் கழற்றி மாட்டும் வாய்ப்பிருந்தால், வெள்ளித்தாள் பூசிய 50 மிமீ கிளாஸ்வூல் பாயைப் பர்லின்மேல் விரித்து ஷீட்டை இறுக்குவதுதான் முறை. வெள்ளித்தாள் கீழ்முகமாக, மூட்டெல்லாம் டேப் ஒட்டி. ஷீட் அதிர்வதும் நிற்கும், நீர் கோர்ப்பதும் நிற்கும். கழற்ற முடியாதென்றால் பெட்டியின் தலையிலேயே எடையைக் கூட்டுங்கள்.

நீர்மட்டம்
குளியலறை. தரையை வெட்டலாமா என்பதை ஃபிரேம் அடித்தளம் முடிவு செய்யும். தூணின் காலடியைச் சுற்றி ஸ்லாப் தடித்திருக்கும். அந்தப் பக்கம் வெட்டக் கூடாது. எதிரெதிர்த் தூண்களை இணைக்கும் கம்பி தரைக்குள் ஓடும் ஷெட்டும் உண்டு. அதை அறுத்தால் ஃபிரேமின் கால் வெளிப்பக்கம் தள்ளும். இழுவிசை ஏற்றிய கேபிள் உள்ள ஸ்லாப் என்றால் கட்டர் எடுக்கவே வேண்டாம்.

வெட்டாத வழி: கழிப்பறைக் கோப்பையை வெளிச்சுவரில் வைத்து, பின்பக்கம் வெளியேறும் வகை வாங்குங்கள். 110 மிமீ குழாய் திண்டுக்கு மேலே நேராகச் சுவரைத் தாண்டிவிடும். குளிக்கும் இடத்துக்கு மட்டும் தரையை 180, 200 மிமீ உயர்த்துங்கள். 50 மிமீ குழாய், 40-க்கு 1 சரிவு, 2.4 மீட்டர் ஓடினால் 60 மிமீ இறக்கம். மீதி உயரம் நீர்ப்பூட்டுக்கு (நாற்றம் திரும்பாமல் நீர் தேங்கும் வளைவு). கழிவுக் குழாயின் காற்றுக் குழாயை ஷெட்டுக்குள் முடிக்காமல் கூரை ஓரத்துக்கு மேலே வெளியே விடுங்கள்.

ஷீட்டில் குழாய் நுழையும் இடத்தில் ரப்பர் காலர் போடுங்கள், வெறும் சிலிக்கான் நிற்காது. அந்தச் சிலிக்கானும் வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகையாக இருக்கட்டும். அமில வகை துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஏசியின் தாமிரக் குழாயில் வடியும் நீரும் ஷீட்டில் விழக் கூடாது. அதில் கரைந்த துளித் தாமிரமே பூச்சைத் தின்றுவிடும்.

மூன்றுகம்பி
மின்சாரத்தில் மூன்று விஷயம் அழுத்திச் சொல்கிறேன்.

அறைக்குத் தனி டிபி (மின் பகிர்வுப் பெட்டி), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்). ஷெட் ஃபிரேம், அறையின் ஜிஐ ஸ்டட், தண்ணீர்க் குழாய் உலோகமென்றால் அதுவும், எல்லாம் எர்த்தோடு இணைய வேண்டும். எங்கேயோ ஒரு ஸ்க்ரூ கேபிளைக் குத்தினால் சுவர் முழுக்க மின்சாரம் ஏறும் கட்டடம் இது. ஸ்டட் துளைகளில் ரப்பர் வளையம் இல்லாமல் கேபிள் இழுக்காதீர்கள்.

கேபிள் ராக்வூலுக்குள் முழுக்கப் புதைந்து ஓடினால் அது தாங்கும் மின்னோட்டம் பாதியாகக் குறையும். 2.5 சதுர மிமீ போதுமென்று நினைத்த ஏசி லைனுக்கு 4 போடுங்கள், அல்லது கேபிளைப் போர்டின் முதுகை ஒட்டி ஓட்டுங்கள். தெர்மாகோல், எக்ஸ்பிஎஸ் இரண்டையும் பிவிசி கேபிள் நேராகத் தொடக் கூடாது. பிவிசியின் மென்மையாக்கி அதற்குள் இறங்கிக் கேபிள் தோல் விறைத்து வெடிக்கும். பைப்புக்குள் விடுங்கள்.

வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை ஷெட் தூணில் மாட்டும் பழக்கம் அன்றோடு நிற்க வேண்டும். திரும்பும் மின்னோட்டம் ஃபிரேம் வழியாக அறையின் எர்த் கம்பியைத் தேடி ஓடினால் கம்பி சிவந்து எரியும். கிளாம்ப் வேலைத்துண்டிலேயே இருக்கட்டும்.

ஈரமானி
காற்றோட்டத்தில் யாரும் தொடாத ஆபத்து ஒன்று இருக்கிறது. குளியலறை எக்ஸாஸ்ட் விநாடிக்கு 25 லிட்டர், சமையலுக்கு 50 லிட்டர் என்பது சரியான அளவு. அந்தக் காற்று அறைக்குள் எங்கிருந்து வரும்? வழி வைக்காவிட்டால் பட்டறைப் பக்கக் கதவின் இடுக்கு வழியாக வரும். அங்கே வண்டி எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடை ஃபேனே அறைக்குள் இழுத்துக் கொடுக்கும். வெளிச்சுவரில், எஞ்சின் புகை வராத பக்கத்தில், வலை வைத்த காற்று வழி கட்டாயம்.

பட்டறைக் கதவு திடமான பலகையாக, தானே மூடிக்கொள்வதாக, நாலு பக்கமும் ரப்பர் வைத்ததாக, வாசற்படி அந்த 100 மிமீ திண்டின் உயரத்துக்கு இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அந்தப் படி அதை நிறுத்தும். அதே காரணத்துக்காகப் பட்டறைப் பக்கம் பிளக், ஹீட்டர் எதுவும் தரையிலிருந்து 450 மிமீக்குக் கீழே வேண்டாம். தீ அலாரம் பட்டறையிலும் அறையிலும், ஒன்று கத்தினால் மற்றதும் கத்தும்படி இணைத்தது. அறைக்குள் புகை உணரி வகை; வெல்டிங் புகைக்குக் குழம்பாமலிருக்கப் பட்டறைப் பக்கம் வெப்ப உணரி வகை. கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைக்கு அருகில்.

செவ்வகம்
வெளியே போக ஒரு கதவும், படுக்கைப் பக்கம் ஒரு சன்னலும் ஷீட்டில் வெட்ட வேண்டும். எவ்வளவு பெரிதாக, எப்படி?

பர்லின்
சன்னல் ஆள் இறங்கித் தப்பும் அளவு. திறக்கும் பரப்புக்கு 0.33 சதுர மீட்டர் கேட்கும் விதியும் உண்டு, 0.53 கேட்கும் விதியும் உண்டு, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 510, உயரம் 610 மிமீக்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1.1 மீட்டருக்கு மேல் போகாமல். இடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கான அனுமதியையும் கழிவுநீர் அனுமதியையும் ஷீட்டில் கை வைப்பதற்கு முன்பே வாங்குங்கள், அளவு அங்கே மாறலாம்.

காற்றுத் தாங்கும் குறுக்குக் கம்பி, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே எந்தப் பகுதியில் ஓடுகிறதோ அங்கே அதை அறுத்துத் திறப்பு வைக்கக் கூடாது. இரண்டு கிடைச் சட்டத்துக்கு நடுவில் அடங்கும்படி சன்னலை வையுங்கள். கதவுக்குச் சட்டத்தை வெட்டத்தான் வேண்டுமென்றால், முதலில் இரண்டு பக்கமும் சி செக்‌ஷன் நிலைக்கால் தரையிலிருந்து மேல் சட்டம் வரை நிறுத்தி, வெட்டுமுனைகளை அதில் போல்ட் செய்ய இடம் ஆயத்தமான பிறகே வெட்டுங்கள்.

ஷீட்டைக் கிரைண்டர் வட்டால் வெட்டாதீர்கள். வெட்டு விளிம்பில் துத்தநாகம் எரிந்துபோகும். பறக்கும் பொறி பெயின்டில் ஒட்டி, சில வாரங்களில் சுவர் முழுக்கத் துருப்புள்ளி விழும். நிப்ளர் (தகட்டைக் கடித்து வெட்டும் கருவி) அல்லது கைக் கத்தரி. துளையிட்ட இரும்புத்தூளை அன்றைக்கே பெருக்கிவிடுங்கள்.

ஃபிளாஷிங் (திறப்பைச் சுற்றி நீர் புகாமல் மூடும் தகட்டுப் பட்டை) வரிசை: கீழ்ப்பட்டை முதலில், பிறகு பக்கங்கள், கடைசியில் மேற்பட்டை. மேற்பட்டையின் மேல்விளிம்பு ஷீட்டுக்குப் பின்னால் நுழைய வேண்டும். ஷீட்டின் மேல் வைத்து சிலிக்கான் பூசினால் அந்தப் பூச்சு காயும் நாளில் ஒழுகும். அலைமடிப்புக்கு அதே வடிவ ஃபோம் அடைப்பான், மூட்டுகளில் பியூட்டைல் டேப். சன்னல் சட்டகம் ஷெட்டோடு அசையும், உள்ளே பெட்டி அசையாது. நடுவிலிருக்கும் இடைவெளியை வளையும் ரப்பர்த் தாளால் மூடுங்கள், விறைப்பான பலகையால் வேண்டாம்.

போர்டு அடிப்பதற்கு முன் ஒருவர் உள்ளே நிற்க, வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். கீழ்ப்பட்டையில் தொடங்கி, ஒவ்வோர் உயரத்திலும் ஐந்து நிமிடம் நிறுத்தி மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது.